'மறந்துவிட்டு மறுபடியும் விளையாட வேண்டும்': 'அவுட்டர் வைல்ட்ஸ்' ரசிகர்கள் ஏன் இப்படிச் சொல்கிறார்கள்?

ஒரு படம் பிடித்துவிட்டால் அதன் கதையைப் பத்துப் பேரிடமாவது சொல்லித் தீர்ப்பதுதான் வழக்கம். ஒரு கணினி விளையாட்டின் ரசிகர்கள் மட்டும் இதற்கு நேர்மாறாக நடந்துகொள்கிறார்கள். என்ன கதை என்று கேட்டால் வாயைத் திறப்பதில்லை. எதையும் படிக்காதே, எந்தக் காணொளியையும் பார்க்காதே, நேராக விளையாடத் தொடங்கு என்பதுதான் அவர்களிடமிருந்து வரும் பதில். இன்னும் அழுத்திக் கேட்டால் இன்னொன்றும் சொல்வார்கள்: விளையாடியது அத்தனையும் மறந்துபோய், மறுபடி முதலிலிருந்து விளையாடக் கிடைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

'அவுட்டர் வைல்ட்ஸ்' என்பது அந்த விளையாட்டின் பெயர். அமெரிக்காவைச் சேர்ந்த மோபியஸ் டிஜிட்டல் நிறுவனம் உருவாக்கி, அன்னபூர்ணா இன்டராக்டிவ் நிறுவனம் வெளியிட்டது. (பெயரைப் பார்த்து இந்திய நிறுவனம் என்று எண்ணிவிட வேண்டாம், இதுவும் அமெரிக்க நிறுவனம்தான்.) 2019ஆம் ஆண்டு மே மாதம் கணினிக்கும் எக்ஸ்பாக்ஸ் கருவிக்கும் வெளிவந்தது. 2020ஆம் ஆண்டு பிரிட்டனின் பாஃப்டா விருதளிப்பில் ஆண்டின் சிறந்த விளையாட்டு, சிறந்த வடிவமைப்பு, சிறந்த புதிய படைப்பு ஆகிய மூன்று விருதுகளைத் தட்டிச் சென்றது. அதே 2019ஆம் ஆண்டின் அக்டோபரில் 'தி அவுட்டர் வேர்ல்ட்ஸ்' என்ற வேறொரு விண்வெளி விளையாட்டும் வெளிவந்ததால், இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் இன்றும் உண்டு. அதில் துப்பாக்கிச் சண்டை இருக்கும். இதில் சுடுவதற்குத் துப்பாக்கியே கிடையாது.

வெளிவந்து இத்தனை ஆண்டுகள் ஆகியும் இதைப் பற்றிய விவாதம் ஓயவில்லை. ஒரு பக்கம், வாழ்நாளில் விளையாடியவற்றில் இதுவே சிறந்தது என்பவர்கள். மறுபக்கம், மூன்று மணி நேரம் விளையாடியும் தலைகால் புரியாமல் மூடி வைத்துவிட்டவர்கள். இரு தரப்பும் பேசுவது ஒரே அம்சத்தைப் பற்றித்தான் என்பதே இதில் கவனிக்க வேண்டியது.

22 நிமிடத்தில் முடியும் உலகம்

கதையின் தொடக்கத்தை மட்டும் சொல்வதில் தவறில்லை. விளையாட்டின் விளம்பரங்களே அதைச் சொல்லிவிடுகின்றன. 'டிம்பர் ஹார்த்' என்ற சின்னஞ்சிறு கோளில், காட்டுக்கு நடுவே ஒரு கிராமம். அங்கே நான்கு கண்கள் கொண்ட நீல நிற மனிதர்கள் வாழ்கிறார்கள். மரப்பலகையும் தகரமும் கொண்டு விண்கலம் கட்டிப் பறக்கும் துணிச்சல்காரர்கள். கிராமத்தின் புதிய விண்வெளி வீரராக விளையாட்டாளர் முதல் பயணத்துக்குத் தயாராகிறார். சாரணர் முகாமில் மூட்டுவது போன்ற ஒரு நெருப்பின் அருகே கண் விழிக்கிறார். மார்ஷ்மெல்லோ மிட்டாயைக் குச்சியில் குத்தி வாட்டித் தின்கிறார். ஊரில் நாலு பேரிடம் பேசிவிட்டு, விண்கலத்தில் ஏறிப் பறக்கிறார்.

சரியாக 22 நிமிடத்தில் சூரியன் வெடிக்கிறது. எல்லாம் அழிந்து போகிறது. மறுகணம் அதே நெருப்பின் அருகே மீண்டும் கண் விழிக்கிறார். ஊரார் முன்பு பேசிய அதே பேச்சைப் பேசுகிறார்கள். நடந்தது கிட்டத்தட்ட யாருக்கும் தெரியாது. விளையாட்டாளருக்கு மட்டும் நினைவிருக்கிறது.

சூரியன் ஏன் வெடிக்கிறது, காலம் ஏன் திரும்பத் திரும்பச் சுழல்கிறது, நெடுங்காலத்துக்கு முன்பு இந்தக் கோள்களில் வாழ்ந்து அழிந்துபோன 'நோமாய்' என்ற இனத்தாருக்கு என்ன நேர்ந்தது என்பவைதாம் கேள்விகள். விடைகள் கோள்களெங்கும் சிதறிக் கிடக்கின்றன.

அந்தக் கோள்களைப் பற்றி மட்டும் ரசிகர்கள் கொஞ்சம் தாராளமாகப் பேசுவார்கள். இரட்டைக் கோள்கள் ஒன்றையொன்று சுற்றுகின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மணல் ஆறாகக் கொட்டுகிறது. ஒன்றில் புதைந்திருந்த கட்டடங்கள் மெல்ல வெளியே தெரிய, மற்றொன்றின் குகைகள் மணலால் மூடிக்கொள்கின்றன. 'பிரிட்டல் ஹாலோ' என்ற கோளின் நடுவே ஒரு கருந்துளை இருக்கிறது. தரை துண்டு துண்டாக உடைந்து அதற்குள் விழுகிறது. கால் இடறினால் விளையாட்டாளரும் விழுவார். கடலே கோளாக இருக்கும் 'ஜயன்ட்ஸ் டீப்'பில் சூறாவளிகள் தீவுகளையே தூக்கி வானத்துக்கு எறிகின்றன. இவை ஒவ்வொன்றும் சில நூறு மீட்டர் அளவே உள்ள குட்டி உலகங்கள். ஆனால், இவை விளையாட்டாளருக்காகக் காத்திருப்பதில்லை. அவர் அங்கே இருந்தாலும் இல்லாவிட்டாலும் மணல் கொட்டிக்கொண்டுதான் இருக்கும், தரை உடைந்துகொண்டுதான் இருக்கும். குறித்த நேரத்துக்குப் போனால்தான் குறித்த கதவு திறந்திருக்கும்.

அறிவியல் தெரிந்தவர்கள் இங்கே ஒரு கேள்வி எழுப்புவதுண்டு. நமது சூரியன் போன்ற விண்மீன் இப்படி வெடிக்காது. அதற்குச் சூரியனைக் காட்டிலும் ஏறக்குறைய 8 மடங்கு பொருண்மை கொண்ட விண்மீன் வேண்டும். நமது சூரியன் இன்னும் சுமார் 500 கோடி ஆண்டுகளுக்குப் பிறகு சிவந்து பெருத்து, கடைசியில் சிறு வெண்ணிற விண்மீனாகச் சுருங்கும் என்பதே அறிவியலாளர்களின் கணிப்பு. இந்தக் கேள்வியையும் விளையாட்டு மறந்துவிடவில்லை. என்ன சொல்கிறது என்பதை இங்கே எழுதினால் ரசிகர்கள் சும்மா விடமாட்டார்கள்.

கையில் எதுவும் சேராது

பெரும்பாலான விளையாட்டுகள் ஒரே வழியில் நடப்பவை. எதிரியை வென்றால் புள்ளி கிடைக்கும், புள்ளி சேர்ந்தால் வலிமை கூடும், வலிமை கூடினால் முன்பு திறக்க முடியாத கதவு திறக்கும். பத்து மணி நேரம் விளையாடியவரின் கையில் முதல் நாள் இல்லாத வாளும் கவசமும் இருக்கும். வளர்ந்தது அவரா, அவர் கையிலுள்ள ஆயுதமா என்று கேட்டால் பதில் சொல்வது சிரமம்.

'அவுட்டர் வைல்ட்ஸ்' விளையாட்டில் இப்படி எதுவும் சேராது. முதல் நாள் கொடுத்த விண்கலம்தான் கடைசி நாளும். அதே விண்வெளி உடை, அதே மொழிபெயர்ப்புக் கருவி, தொலைவில் எழும் ஒலியைக் கேட்க அதே கருவி. சேர்வது ஒன்றுதான்: விளையாட்டாளர் தெரிந்துகொண்டது. விண்கலத்தின் பின்புறம் ஒரு குறிப்பேடு இருக்கிறது. படித்தவை, பார்த்தவை எல்லாம் அதில் கோடுகளால் இணைக்கப்பட்டுக் காட்சியளிக்கும். காலம் சுழன்று திரும்பினாலும் அந்தக் குறிப்பேடு அழிவதில்லை. ஓரிடத்தில் இன்னும் பார்க்க வேண்டியது மிச்சமிருந்தால் அதுவே சுட்டிக்காட்டும். விளையாட்டு தரும் உதவி அவ்வளவுதான்.

இதன் விளைவு விசித்திரமானது. எல்லாம் அறிந்த ஒருவர் புதிதாகத் தொடங்கினால், சூரியன் முதல் முறை வெடிப்பதற்குள்ளேயே கடைசிக் காட்சிவரை போய்விடலாம். பூட்டு எதுவும் இல்லை. பூட்டாக இருந்தது அறியாமைதான். முதல் முறை விளையாடுபவருக்கு அதற்கு 15 முதல் 20 மணி நேரம் பிடிக்கலாம்.

இப்போது ரசிகர்களின் மௌனம் ஓரளவு விளங்கும். வேறு விளையாட்டின் முடிவைச் சொன்னால் சுவாரசியம் கொஞ்சம் குறையும், ஆனால் விளையாட்டு மிச்சமிருக்கும். இதில் ஒரு விடையைச் சொல்லிவிட்டால், அந்த விடையைத் தேடிப் போயிருக்க வேண்டிய பயணமே காணாமல் போய்விடும். பல மணி நேரம் செலவிட்டு ஒருவர் அடைய வேண்டியதை ஒரு வரியில் திருடிவிடுவதற்கு அது சமம். இரண்டாம் முறை விளையாட முடியவில்லையே என்ற ஏக்கத்துக்கும் காரணம் இதுவே. கண்டுபிடித்ததை எப்படி மறுபடி கண்டுபிடிப்பது?

இந்த ஏக்கத்தைத் தணித்துக்கொள்ள ரசிகர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். புதியவர் ஒருவர் முதன்முறையாக விளையாடும் காணொளியை மணிக்கணக்கில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். அவர் தவறான பக்கம் போகும்போது தவிக்கிறார்கள். சரியான சுவரைப் பார்க்கும்போது இருக்கையின் நுனிக்கு வருகிறார்கள். வழி தெரியாமல் ஒருவர் உதவி கேட்டால், விடை சொல்வது மரியாதை இல்லை என்பது அவர்களிடையே எழுதாத சட்டம். இதுவரை என்ன தெரியும், எந்தக் கோளைச் சரியாகப் பார்க்கவில்லை என்று திருப்பிக் கேட்பார்கள். நல்ல ஆசிரியர் வகுப்பில் செய்வதும் இதைத்தானே!

அதே காரணத்தால் வெளியேறுபவர்கள்

புகழ்மொழிகளை நம்பி வாங்கிவிட்டு ஏமாந்ததாகச் சொல்பவர்களின் குரலும் சின்னதன்று. அவர்களை ரசனை இல்லாதவர்கள் என்று ஒதுக்கிவிடுவது சில ரசிகர்களின் வழக்கம். அது நியாயமில்லை. அவர்களின் புகார்களில் பெரும்பாலானவை உண்மையானவை.

முதல் புகார், என்ன செய்வதென்றே தெரியவில்லை என்பது. விளையாட்டு எந்த வேலையும் கொடுப்பதில்லை. வரைபடத்தில் அம்புக்குறி இல்லை. விண்கலத்தின் சாவியைக் கொடுத்துவிட்டு, போய்வா என்கிறது. வேலை முடிந்து களைத்து வந்து இரவில் ஒரு மணி நேரம் மட்டும் விளையாடுபவருக்கு இது விடுதலையாகத் தோன்றாது. இன்னொரு சுமையாகவே தோன்றும். ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்தால் நூலின் நுனி கைவிட்டுப் போயிருக்கும்.

இரண்டாவது, விண்கலத்தை ஓட்டுவது. விண்வெளியில் காற்றில்லை, ஒரு முறை தள்ளிவிட்டால் எதிர்த்திசையில் தள்ளும்வரை கலம் போய்க்கொண்டே இருக்கும். நியூட்டன் சொன்ன அந்த விதியை விளையாட்டு விட்டுக்கொடுப்பதில்லை. நிலத்தில் கார் ஓட்டிப் பழகிய கைக்கு இது பிடிபட நேரமாகும். முதல் நாளில் கோளின் மீது மோதி நொறுங்காதவர் அரிது. தானியங்கி முறையில் பறக்கவிட்டால் தப்பிக்கலாம் என்று நினைத்தால், அது போக வேண்டிய கோளை மட்டும் பார்க்கும், குறுக்கே சூரியன் இருப்பதைப் பார்க்காது. தானியங்கியை நம்பிச் சூரியனுக்குள் போய்ச் சேர்ந்த கதை விளையாட்டாளர்களிடையே தீராத நகைச்சுவை.

மூன்றாவதுதான் கனமான புகார். 22 நிமிடம் முடிந்ததும் எல்லாம் முதலிலிருந்து. ஒரு குகையின் ஆழத்தில் முக்கியமான சுவரை நெருங்கும் நேரத்தில் சூரியன் வெடித்தால், மறுபடி எழுந்து, பறந்து, இறங்கி, அதே வழியில் நடக்க வேண்டும். சில இடங்களில் மணல் வடியும்வரை காத்திருக்கவும் வேண்டும். வெற்று நேரத்தைக் கடத்த நெருப்பின் அருகே தூங்கும் வசதி உண்டு. இருந்தாலும், ஒரே புதிரில் நான்கைந்து முறை தோற்றவருக்கு அந்தப் பயணம் சலிப்பாகவே இருக்கும். ஆதரவாளர்கள் இதற்குச் சொல்லும் சமாதானம், ஓரிடத்தில் முட்டி நின்றால் வேறு கோளுக்குப் போக வேண்டும் என்பது. சரியான யோசனைதான். ஆனால், அந்த யோசனை விளையாட்டுக்குள் போதிய அளவு சொல்லப்படவில்லை என்பதும் உண்மை.

இவற்றைச் சரிசெய்திருக்கலாமே என்று கேட்கலாம். அம்புக்குறி போட்டிருந்தால் முதல் புகார் தீர்ந்திருக்கும். கூடவே, தானே கண்டுபிடித்தேன் என்ற பெருமிதமும் தீர்ந்திருக்கும். காலச் சுழலை நீக்கியிருந்தால் மூன்றாவது புகார் இருக்காது; நேரம் பார்த்துப் போகும் நுட்பமும் இருக்காது. பாராட்டும் புகாரும் ஒரே கிளையில் காய்த்தவை. ஒன்றைப் பறித்தால் மற்றொன்றும் உதிரும். விண்கலத்தின் பிடிமானத்தை மட்டும் சற்று எளிதாக்கியிருக்கலாம்; அதனால் கதைக்கு எந்தக் கேடும் வந்திருக்காது.

மாணவர் கையில் பிறந்தது

பெரிய நிறுவனமொன்று இந்தத் துணிச்சலான முடிவை எடுத்திருக்குமா என்பது சந்தேகமே. இது தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் அலெக்ஸ் பீச்சம் என்ற மாணவரின் முதுகலை ஆய்வுத் திட்டமாகத் தொடங்கியது. விண்வெளியில் மனிதன் எதையும் கட்டுப்படுத்த முடியாத சிறியவன் என்ற உணர்வைத் தர வேண்டும் என்பது அவரது எண்ணம். முதுகில் பையை மாட்டிக்கொண்டு காட்டுக்குள் நடக்கும் பயணத்தின் சாயலையும் அதனோடு சேர்த்தார். பலகையும் ஆணியும் தெரியும் விண்கலமும், ஒவ்வொரு கோளிலும் எரியும் நெருப்பும் அப்படி வந்தவை. அவரது சகோதரி கெல்சி பீச்சம் வசனங்களை எழுதினார்.

'ஹீரோஸ்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் ஹிரோ நகமுராவாக நடித்த மாசி ஓகாவை நினைவிருக்கலாம். காலத்தை நிறுத்தும் ஆற்றல் கொண்ட அந்தக் கதாபாத்திரத்தை ஏற்றவர்தான் மோபியஸ் டிஜிட்டல் நிறுவனத்தைத் தொடங்கி, இந்த மாணவர் குழுவுக்கு வேலை கொடுத்தவர். 2015ஆம் ஆண்டு, இன்னும் முழுமை பெறாத நிலையிலேயே, சுயாதீன விளையாட்டுகளுக்கான ஐஜிஎஃப் விழாவின் முதன்மைப் பரிசு இதற்குக் கிடைத்தது.

அதே ஆண்டு பொதுமக்களிடம் 'ஃபிக்' என்ற தளத்தின் வழி நிதி திரட்டப்பட்டது. பின்னாளில் எழுந்த ஒரு கசப்புக்கு இதுவே வித்து. பணம் கொடுத்தவர்கள் ஸ்டீம் கடையில் விளையாட்டு கிடைக்கும் என்று எதிர்பார்த்திருந்தார்கள். வெளியீட்டுக்குச் சில வாரங்களே இருந்தபோது, கணினிப் பதிப்பு முதலில் எப்பிக் கேம்ஸ் ஸ்டோரில் மட்டுமே விற்கப்படும் என்ற அறிவிப்பு வந்தது. நம்பிப் பணம் கொடுத்தவர்கள் கொதித்தார்கள். விளையாட்டைப் பற்றி வந்த கடுமையான கருத்துகளில் ஒரு பகுதி, உண்மையில் இந்த வாக்கு மாறலைப் பற்றியது. 2020 ஜூன் மாதம் ஸ்டீமிலும் வெளிவந்தது. ஓராண்டுக் காத்திருப்பின் கோபம் ஆறியவர்களும் உண்டு, ஆறாதவர்களும் உண்டு. இன்று ஸ்டீமில் உள்ள கருத்துகளில் மிகப் பெரும்பான்மை பாராட்டுகளே.

படிக்கத் தெரிந்தவர்களின் விளையாட்டு

இந்த விளையாட்டில் யாரும் குரல் கொடுத்துப் பேசுவதில்லை. எல்லாமே எழுத்து. மறைந்த நோமாய் இனத்தார் சுவர்களில் சுருள் சுருளாக எழுதி வைத்திருக்கிறார்கள். ஒருவர் எழுதியதற்கு இன்னொருவர் பதில் எழுதினால், முதல் சுருளிலிருந்து கிளை பிரிவது போல அடுத்த சுருள் பிரியும். மொழிபெயர்ப்புக் கருவியைப் பிடித்தால் வாசகம் தெரியும். அரசர்களின் மெய்க்கீர்த்தி எதுவும் அதில் இல்லை. வேலைத்தளத்தில் இருவர் போட்டுக்கொண்ட வாக்குவாதம், கணக்கு சரியாக வராத பொறியாளரின் எரிச்சல், குழந்தைகள் விளையாடிய விளையாட்டின் விதிகள் எனச் சாதாரண மனிதர்களின் பேச்சு. உடைந்த கல்வெட்டுகளைப் பொருத்திப் படிக்கும் ஆய்வாளரைப் போல விளையாட்டாளர் அவற்றைச் சேர்த்துக்கொண்டே போகிறார். சில மணி நேரத்தில் அந்தப் பெயர்களெல்லாம் அறிமுகமானவர்களின் பெயர்களாகிவிடுகின்றன. அவர்கள் இறந்து நெடுங்காலமாகிவிட்டது என்பது அப்போதுதான் உறைக்கிறது.

மொழி சார்ந்து ஒரு சின்ன செய்தி. கிராமத்து மனிதர்கள் யாரும் ஆண், பெண் என்று குறிக்கப்படுவதில்லை. ஆங்கிலத்தில் எல்லாரையும் பன்மைச் சொல்லால் சுட்டுகிறார்கள். அதைப் பற்றி விளையாட்டாளர்கள் தனியே விவாதித்தார்கள். தமிழில் எழுதும்போது 'அவர்' என்று போட்டால் வேலை முடிந்தது.

ஆனால், தமிழில் இந்த விளையாட்டு கிடைக்காது என்பதே நிலை. மலாயிலும் இல்லை. சீனம், ஜப்பானியம், கொரியம் எனப் பல மொழிகளில் உண்டு. ஆங்கிலம் சரளமாக வாசிக்க வராத பிள்ளைக்கு இந்த விளையாட்டு பூட்டிய வீடுதான். பறந்து திரியலாம், கதை புரியாது. சண்டை இல்லாத விளையாட்டு என்று கேட்டு மகிழும் பெற்றோர் இதையும் மனத்தில் கொள்வது நல்லது. இருவராக அமர்ந்து, ஒருவர் கலத்தை ஓட்ட மற்றவர் படித்துக் குறிப்பெடுத்தால் சுவை கூடும் என்பது பலரும் சொல்லும் அனுபவம். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த அண்ணனோ அக்காளோ பக்கத்தில் இருந்தால் தம்பிக்கும் கதை கிடைக்கும். படிக்கும் நேரத்தில் கடிகாரத்தை நிறுத்தி வைக்கும் வசதியும் விளையாட்டின் அமைப்புகளில் இருக்கிறது. மெதுவாகப் படிப்பவர்கள் முதலில் அதை இயக்கிக்கொள்ளலாம்.

ஏன் அழுகிறார்கள்?

வளர்ந்தவர்கள் ஒரு கணினி விளையாட்டை முடித்துவிட்டு அழுததாக எழுதுவதைப் படித்தால் முதலில் மிகையாகத் தோன்றும். முடிவைச் சொல்லாமலேயே இதற்கு ஓரளவு விளக்கம் தரலாம்.

சூரியன் வெடிக்கப் போகும் கடைசித் தருணத்தில் ஒரு மெல்லிசை எழும். ஆண்ட்ரூ பிராலோ அமைத்த இசை. முதல் சில முறை அது கேட்டால் விளையாட்டாளர் பதறுவார். எடுத்த வேலையை முடிக்க ஓடுவார். பத்து, இருபது முறை ஆன பிறகு பதற்றம் மாறிவிடுகிறது. இசை எழுந்ததும் ஓடுவதை நிறுத்திவிட்டு, ஏதாவது ஒரு பாறையின் மீது நின்று, சிவந்து பெருத்த சூரியனைப் பார்க்கத் தொடங்கியதாகப் பலர் எழுதியிருக்கிறார்கள். அப்படிச் செய்யும்படி விளையாட்டு யாருக்கும் கட்டளையிடவில்லை.

வேறு விளையாட்டுகளில் சாவு என்பது தோல்வி; மறுபடி முயன்று அதைத் தவிர்க்க வேண்டும். இதில் சாவைத் தவிர்க்கும் திறமை என்று ஒன்றில்லை. எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் 22ஆவது நிமிடம் வந்தே தீரும். அந்த நேரத்துக்குள் என்ன பார்த்தோம், யாரோடு பேசினோம் என்பதுதான் கணக்கு. நெருங்கியவர்களைப் பறிகொடுத்த சிலர் இந்த விளையாட்டு தங்களுக்கு ஆறுதல் தந்ததாகச் சொல்கிறார்கள். எல்லாம் அழியும் காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்த்ததில் மனம் கனத்துப் போனது என்பவர்களும் உண்டு. துக்கம் ஆறாத நிலையில் இருப்பவருக்குப் பரிசாக வாங்கிக் கொடுக்குமுன் இரண்டு கருத்துகளையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

விண்வெளியில் இன்னும் சில கிராமத்து வீரர்கள் ஆளுக்கொரு கோளில் தனியே தங்கியிருக்கிறார்கள். ஒருவர் பாஞ்சோ வாசிக்கிறார், ஒருவர் குழல் ஊதுகிறார், ஒருவர் தாளம் போடுகிறார், ஒருவர் சீழ்க்கையடிக்கிறார். தனித்தனியே கேட்டால் துண்டு இசை. விண்கலத்தைத் தொலைவுக்கு ஓட்டிச் சென்று, ஒலிக் கருவியை எல்லாக் கோள்களையும் நோக்கித் திருப்பினால், அவர்கள் எல்லாரும் ஒரே பாட்டைத்தான் வாசித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது தெரியும். இதைத் தற்செயலாகக் கண்டுபிடித்த கணத்தைப் பற்றி ரசிகர்கள் எழுதியவை ஏராளம்.

பயம் பற்றியும் ஓர் எச்சரிக்கை

அமைதியான விளையாட்டு என்று நினைத்து இறங்குபவர்களைத் திடுக்கிட வைக்கும் இடங்களும் உண்டு. பனிமூட்டம் சூழ்ந்த 'டார்க் பிராம்பிள்' என்ற பகுதியில், தலையில் விளக்கு தொங்கும் ராட்சத மீன்கள் காத்திருக்கின்றன. அந்த ஒரு பகுதிக்குப் பயந்தே விளையாட்டை முடிக்காமல் விட்டவர்கள் இருக்கிறார்கள். ஆழ்கடல், வெட்டவெளி ஆகியவற்றைக் கண்டால் அஞ்சுபவர்களுக்கு ஜயன்ட்ஸ் டீப்பும் கடினமே. தலைசுற்றல் வருவதாகவும் சிலர் சொல்கிறார்கள்.

2021 செப்டம்பரில் 'எக்கோஸ் ஆஃப் தி ஐ' என்ற கூடுதல் பகுதி வந்தது. மூல விளையாட்டைவிட இருட்டும் அச்சமும் இதில் அதிகம். கதை அபாரம் என்பதில் பெரும்பாலும் கருத்து வேறுபாடு இல்லை; இருட்டில் ஒளிந்து நகரும் பகுதிகளைப் பற்றி மட்டும் முணுமுணுப்பு கேட்கிறது. மூல விளையாட்டின் திறந்த மனத்தோடு அவை ஒட்டவில்லை என்ற குறையில் நியாயம் இருக்கிறது. அச்சத்தைக் குறைக்கும் வசதியையும் தயாரிப்பாளர்களே அமைப்புகளில் சேர்த்துத் தந்திருக்கிறார்கள்.

கணினி, எக்ஸ்பாக்ஸ், பிளேஸ்டேஷன் 4, 5 ஆகியவற்றோடு, 2023 டிசம்பர் முதல் நின்டெண்டோ சுவிட்ச் கருவியிலும் இதை விளையாடலாம். விளையாடிப் பார்க்க முடிவெடுப்பவருக்கு அனுபவசாலிகள் தரும் அறிவுரைகள் சிலவே. முதல் இரண்டு மணி நேரத்தில் எதுவும் புரியாவிட்டால் கவலை வேண்டாம். எந்தக் கோள் கண்ணுக்கு அழகாகப் படுகிறதோ அங்கே முதலில் போகலாம். விண்கலக் குறிப்பேட்டை அடிக்கடி திறந்து பார்க்க வேண்டும். ஓரிடத்தில் முட்டிக்கொண்டால் அங்கேயே நிற்காமல் வேறு கோளுக்குப் பறந்துவிட வேண்டும். வழி கேட்டு இணையத்தில் தேடுவதைக் கடைசிவரை தள்ளிப்போட வேண்டும். புதியவர்கள் ஏறக்குறைய எல்லாரும் ஒரு முறையாவது மறந்துவிடும் காரியம் இன்னொன்று உண்டு: கலத்தின் கதவைத் திறந்து இறங்குமுன் விண்வெளி உடையை மாட்டிக்கொள்ள வேண்டும்.